வானத்தில் தூசி

ஸ்டூடியோக் கதவை அந்த அம்மாள் எங்கள் மூக்குக்கு நேரே அறைந்து சாத்தினாள். மேடம் ஓரடி முன்னால் நின்றிருந்தால் அவருடைய மூக்குக் கண்ணாடி தூள்.

"வரவேற்பு பலமா இருக்கு மேடம்," என்றேன்.

"ஸ்பீக்கரு, வாய மூடிட்டு மறுபடியும் தட்டு."

ஸ்பீக்கர் என்பது நான். வீட்டில் வைத்த பெயர் வேறு. துப்பறியும் வேலைக்கு வந்த முதல் நாளே மேடம் எனக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். அவர் வக்கீல் தொழிலை உதறிவிட்டு இதற்கு வந்தவர், அளந்துதான் பேசுவார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"என் புருஷனைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்கறவங்களுக்கு இங்க என்ன வேலை? போங்கய்யா!"

"கொன்னது அவர்தான்னு கோர்ட்டு இன்னும் சொல்லலீங்க..." என்று ஆரம்பித்தேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த எங்கள் கட்சிக்காரி குறுக்கே பாய்ந்தாள். "கோர்ட்டு எதுக்கு? அதான் அக்காவே தீர்ப்பு எழுதிட்டாங்களே!"

இரண்டு பேரும் ஓர்ப்படிகள். ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். அண்ணன்காரர் இந்த ஸ்டூடியோவின் முதலாளி. முந்தாநாள் விடியற்காலையில் ஏரிக்கரைப் பாறையின் அடியில் பிணமாகக் கிடந்தார். பாறை மேல் இழுபறி நடந்த தடம் இருந்தது. தள்ளிவிட்டது சொந்தத் தம்பிதான் என்று போலீஸ் அவரைப் பிடித்து லாக்கப்பில் போட்டுவிட்டது. அந்தத் தம்பியின் மனைவிதான் எங்கள் கட்சிக்காரி. இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திவிட்டால் நேரே சிறை. அதற்கு முன்னால் அவரை வெளியே கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் போலீஸ் கையில் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று, ஒரு இயற்கைக் காட்சிப் படம்.

கதவு திறந்தது. திறந்தது அந்த அம்மாள் இல்லை, அவளுடைய தம்பி.

"விடுக்கா, வரட்டும். பார்த்துட்டுப் போகட்டும். இவங்க மூஞ்சி எப்படித் தொங்குதுன்னு நானும் பார்க்கறேன்."

ஸ்டூடியோவின் கேமராக்காரர் இவர். ஊரெல்லாம் இவருக்கு 'லென்ஸ்' என்றுதான் பெயர். தோளில் கேமரா இல்லாதபோதும் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். பார்த்த உடனே எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதில் ஒரு சின்ன திருப்தி.

கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. அந்த அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு எங்களை முறைத்தாள். எங்கள் கட்சிக்காரி வாசற்படியிலேயே நின்று அவளை முறைத்தாள். நடுவில் மாட்டிய எனக்கு ஒரு நாற்காலி காட்டக்கூட ஆள் இல்லை.

லென்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். விடியல், ஏரி, எதிர்க்கரையில் குன்று. அழகுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

"என்ன சாஃப்ட்வேர் இது?" என்றார் மேடம்.

"இலவசமா கிடைக்கறது. யார் வேணா இறக்கிக்கலாம். சாஃப்ட்வேர்தான் இலவசம், திறமை இல்ல."

"எங்க ஆபீசுலயும் இதுதான் சார் இருக்கு," என்றேன். "நாங்க காசு குடுத்து எதையும் வாங்கறதில்ல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கேமரா பார்த்தது பார்த்தபடி பதிவாகறது ரா ஃபைல். அதுல கை வைக்க முடியாது. நான் பண்ற திருத்தமெல்லாம் மேல போர்த்தற போர்வை மாதிரி. எடுத்தா அடியில அசல் அப்படியே இருக்கும். பாருங்க."

ஒரு ஸ்லைடரை நகர்த்தினார், வானம் வெளுத்தது. இன்னொன்றை நகர்த்தினார், தண்ணீரில் மஞ்சள் ஏறியது. சாய்ந்திருந்த கரையை நிமிர்த்தினார். பிறகு ஷேடோ என்ற ஸ்லைடரைப் பிடித்து மெதுவாக, எங்களை வெறுப்பேற்றுகிற நிதானத்தோடு, வலதுபக்கம் தள்ளினார். கரியாகக் கிடந்த குன்றின் அடிப்பகுதி மெல்ல மெல்லத் தெளிந்தது. புதர் வந்தது, பாறை வந்தது, பாறை மேல் சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள் வந்தார்.

மாடிப்படியில் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரோட கோட்டு அதுன்னு அவங்களையே கேளுங்க," என்றார் லென்ஸ், வாசலைக் காட்டி.

"அவரோடதுதான்!" எங்கள் கட்சிக்காரி கத்தினாள். "இல்லேன்னு யார் சொன்னா? போன மாசம் எல்லாருமா விடிகாலைல ஏரிக்குப் போனப்ப அவர் அந்தக் கோட்டோட அந்தப் பாறையில ஏறி நின்னாரு. அன்னிக்கு எடுத்த படம் இது. முந்தாநாள் காலைல அவர் வீட்டுல தூங்கிட்டு இருந்தாரு."

"அன்னிக்குத் தூறல். கேமராவ பையை விட்டு வெளியவே எடுக்கல. அக்காவும் கூடத்தான் இருந்தாங்க. என்னக்கா?"

"ஆமா, எடுக்கல," என்றாள் அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி.

"முந்தாநாள் விடிகாலை நான் இந்தக் கரையில நின்னு இதை எடுத்தேன். ஃபைல்லயே தேதி, நேரம் எல்லாம் இருக்கு. அன்னிக்கு மதியமே கேமராவ போலீஸ்ல குடுத்துட்டேன், சீல் வெச்சுட்டாங்க. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

ஒரே படம் அவரைக் காப்பாற்றுகிறது, எதிராளியை மாட்டிவிடுகிறது. இந்தக் கரையில் இருந்தவர் அந்தக் கரையில் கொலை செய்திருக்க முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ரா ஃபைல் ஒரு காப்பி கிடைக்குமா?" என்றார் மேடம்.

"தாராளமா." ஒரு பென் டிரைவை என்னிடம் கொடுக்காமல் மேஜை மேல் விட்டெறிந்தார். "நல்லா தோண்டிப் பாருங்க. ரா பொய் சொல்லாது."

தெருமுனையில் காரை நிறுத்தினோம். பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தேன். கட்சிக்காரி பக்கத்தில் உட்கார்ந்து என் காதுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

"தேதிய மாத்த முடியாதா சார்?"

"முடியும்மா. ரெண்டு சொடுக்குல மாத்தலாம். ஆனா மாத்த முடியும்னு சொன்னா பத்தாது, மாத்தினான்னு காட்டணும்."

எங்கள் லேப்டாப்பில் படம் சோகையாகத் தெரிந்தது. லென்ஸின் வேலைப்பாடு ஒன்றும் இல்லாத வெறும் அசல். நானும் ஸ்லைடர்களை அப்படி இப்படி இழுத்துப் பார்த்தேன். அவர் இழுத்தால் விடியல் வந்தது, நான் இழுத்தால் வானம் சோப்புத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஆனால் அந்த வானத்தில் புதிதாக ஏதோ இருந்தது.

"மேடம், பறவைங்க. அவர் ஸ்கிரீன்ல இது இல்லையே."

மேடம் முன் சீட்டிலிருந்து திரும்பி எட்டிப் பார்த்தார். வானத்தில் மங்கலான சாம்பல் புள்ளிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஓரங்கள் கரைந்து.

"பறவைக்கு இறக்கை இருக்கும் ஸ்பீக்கரு. இது தூசி. கேமராவுக்குள்ள, படம் பதிவாகற சென்சார் மேல ஒட்டின தூசி. எந்தப் படம் எடுத்தாலும் அதே இடத்துல வந்து நிக்கும்."

"ஐயோ கடவுளே!" கட்சிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "என் புருஷன் உள்ள கிடக்காரு, நீங்க புள்ளி பார்த்துட்டு இருக்கீங்களா? போலீஸ்காரங்களும் இப்படித்தான். அவரு பாக்கெட்ல இருந்ததெல்லாம் கொட்டி, என்னமோ புதையல் மாதிரி பார்த்தாங்க. ஒரு கைக்குட்டை, ஒரு வீட்டுச் சாவி, ஒரு பிளாஸ்டிக் குச்சி. இத வெச்சுத்தான் கொலை பண்ணினாராமா?"

"என்ன குச்சி?" என்றார் மேடம்.

"தட்டையா, நுனியில துணி சுத்தின மாதிரி ஒண்ணு. யாருக்குத் தெரியும்?"

மேடம் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து லென்ஸைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வானத்துல புள்ளி புள்ளியா இருக்கே, படத்தை ஒட்டு வேலை பண்ணினீங்களா?"

எதிர்முனையில் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் காதே கூசியது. "இதுக்குத்தான் தெரியாதவங்க கையில ரா குடுக்கக்கூடாதுங்கறது. அது சென்சார் தூசிம்மா. ஒரு வருஷமா அந்தக் கேமராவுல இருக்கு. எங்கெங்க இருக்குன்னு சாஃப்ட்வேருக்கு ஒரு தடவை சொல்லி வெச்சுட்டேன். அந்தக் கேமராவுல எடுத்த எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்த இடத்தையெல்லாம் அதுவே தானா அழிச்சிடும். நான் பார்க்கறதே இல்ல."

"ஊதினா போயிடாதா?"

"ஒட்டிப் பிடிச்சது, ஊதினா எல்லாம் போகாது. மருந்து போட்டுத் துடைக்கணும்."

"துடைச்சிருக்கலாமே?"

"எவன் துடைக்கறது? அந்தக் கேமராவ என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டா கை இருக்காது. நானும் துடைக்கல. போதுமா?" போன் வைக்கப்பட்டது.

வேறு கேமராவில் எடுத்த படமாக இருக்குமோ என்று எனக்குள் ஒரு நப்பாசை ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையிலும் கல்லைப் போட்டுவிட்டார் மனுஷர். "அவ்வளவுதான் மேடம். தூசி, கேமரா, படம் எல்லாம் ஒரே குடும்பம்னு அவரே சொல்லிட்டாரு."

"சொன்னதை ரெக்கார்ட் பண்ணினியா?"

"பண்ணாம இருப்பேனா?"

"அப்ப வண்டிய ஸ்டேஷனுக்கு விடு."

இன்ஸ்பெக்டருக்கு எங்களைக் கண்டால் ஆகாது. போன கேஸில் அவர் பிடித்த ஆளை நாங்கள் விடுவித்ததிலிருந்தே ஆகாது.

"வந்துட்டாங்கய்யா படம் காட்ட," என்றார் உட்கார்ந்தபடியே.

"எடுக்க வந்திருக்கோம் சார்," என்றேன். "ஒரே ஒரு படம்."

கேமராவின் சீலைப் பிரிக்க வேண்டும், இந்த வெள்ளைச் சுவரை ஒரு தடவை படமெடுக்க வேண்டும் என்று மேடம் கேட்டார். இன்ஸ்பெக்டர் முடியாது என்றார். எழுதிக் கொடுங்கள், கோர்ட்டில் அதையே காட்டுகிறேன் என்றார் மேடம். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, சீலில் கையெழுத்துப் போட்டவர் முன்னால்தான் பிரிக்க முடியும் என்று லென்ஸை வரவழைத்தார். அந்த அம்மாளும் கூடவே வந்தாள். ஓர்ப்படிகள் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"சீல் சரியா இருக்கா? உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார் மேடம்.

"என்னுதுதான். யாரும் தொடல," என்றார் லென்ஸ். "சுவரை எடுத்து என்ன பண்ணப் போறீங்க? சட்டம் போட்டு மாட்டப் போறீங்களா?"

மேடம் சொன்னபடி, ஏரிப் படத்துக்கு வைத்த மாதிரியே ஒளி வரும் துவாரத்தைச் சின்னதாக்கி, லென்ஸே சுவரை எடுத்தார். அப்படி எடுத்தால்தான் தூசி பளிச்சென்று தெரியுமாம். முதலில் அவருடைய லேப்டாப்பில் திறந்தார். ஒரு புள்ளி இல்லாத வெள்ளை.

"பார்த்துக்கோங்க. தானா அழிஞ்சிடுச்சு. இதுக்கா என்னை இழுத்தடிச்சீங்க?"

"ஸ்பீக்கரு, நம்ம லேப்டாப்புல திற."

திறந்தேன். எங்களுடையதில் தானாக அழிக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. புள்ளிகள் இருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்துக்கு ஓரம் நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"மேடம், தூசியே இல்ல."

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா! பெரிய கண்டுபிடிப்பு! சுத்தமா இருக்காம்! ஆளைக் கிளப்புங்கப்பா, கோர்ட்டுக்கு நேரமாச்சு."

கட்சிக்காரி எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "உங்களை நம்பினேனே! கெடுத்துட்டீங்களே!"

ஆனால் லென்ஸ் சிரிக்கவில்லை. என் லேப்டாப்புக்குக் கிட்டே வந்து குனிந்தார். தன் லேப்டாப்பில் அந்தத் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார். அங்கேயும் சுவர் வெறும் சுவராக இருந்தது. அவருடைய கழுத்து வேர்த்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"ஒரு வருஷத் தூசி," என்றார் மேடம். "எங்க போச்சு?"

லென்ஸ் தன் திரையில் சுவரை இன்னும் பெரிதாக்கினார்.

"முந்தாநாள் விடிகாலை நீங்க எடுத்ததா சொல்ற படத்துல அத்தனை தூசியும் இருக்கு. மதியம் கேமரா சீலுக்குள்ள போயிடுச்சு. நடுவுல நீங்களும் துடைக்கல, வேற யாரும் தொடல. போன்ல நீங்களே சொன்னீங்க. ஸ்பீக்கர் போட்டுக் காட்டுவான்."

"உள்ள..." லென்ஸ் இன்ஸ்பெக்டரின் மேஜைப் பக்கம் கை காட்டினார். "உள்ள வெச்சு யாரோ துடைச்சிருக்காங்க. போலீஸ்ல யாரோ..."

அது அவர் செய்திருக்கக் கூடாத தப்பு. இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அணைந்தது.

"என்னது? என் கஸ்டடியில இருந்த பொருளோட சீலை நான் உடைச்சேங்கறியா? இப்பத்தானேய்யா உன் கையெழுத்துன்னு வாயால சொன்னே?"

"இல்ல சார், நான் அப்படிச்..."

"அப்ப எப்படி? சொல்லுய்யா!"

"நான் சொல்றேன்," என்றார் மேடம். "கேமராவ முந்தாநாளுக்கு முன்னாடியே யாரோ சுத்தமா துடைச்சுட்டாங்க. இவருக்கு அது தெரியாது. தூசி இருந்தாலும் இவர் ஸ்கிரீன்ல தெரியாது, போனாலும் தெரியாது. அதனால பழைய படத்தை எடுத்துத் தேதிய மாத்திக் குடுத்தப்ப, அதுல பழைய தூசி இருக்குங்கறது இவருக்கு உறைக்கல. சார், நீங்க பிடிச்சு வெச்சிருக்கற ஆளோட பாக்கெட்ல ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்ததே, அது கேமரா துடைக்கற குச்சி. அவரைக் கூட்டிட்டு வாங்க."

லாக்கப்பிலிருந்து தம்பிக்காரரைக் கூட்டி வந்தார்கள். வழுக்கைத் தலை, இரண்டு நாள் தாடி. யாரையும் பார்க்காமல் நின்றார்.

"கேமராவ எப்ப துடைச்சீங்க?" என்றார் மேடம்.

"அண்ணன் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? அண்ணன்தான் துடைக்கச் சொன்னாரு. மச்சானுக்குத் தெரிஞ்சா குதிப்பான், சத்தம் போடாம முடிச்சு வெச்சிருடான்னாரு. பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சாரு. சொந்த ஸ்டூடியோவுல சொந்தக் கேமராவ ரெண்டு பேரும் திருடனுங்க மாதிரி துடைச்சோம்."

"சொந்தக் கேமராவா?" லென்ஸ் வெடித்தார். "யாரோட சொந்தம்? குளிர்ல நின்னு எடுத்தது நான்! கண்ணு எரிய எரியத் திருத்தினது நான்! காலண்டர்ல போட்ட பேரு அவரோடது! கேட்டா, இஷ்டம் இருந்தா இரு, இல்லேன்னா வெளிய போன்னாரு. அந்தப் பாறை மேல நின்னுக்கிட்டே..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் அறையில் இருந்த எல்லாருக்கும் அவர் எந்தப் பாறையைச் சொன்னார் என்று தெரியும். ஒரு கான்ஸ்டபிள் போய் வாசலை மறைத்து நின்றார்.

அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். லென்ஸின் முன்னால் வந்து நின்றாள்.

"கொன்னவன் தப்பிச்சிடக்கூடாதுக்கா, அதுக்காக ஒரு வார்த்தை மட்டும் மாத்திச் சொல்லுன்னியேடா. உன்னை நம்பித்தானே சொன்னேன்?" ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், எழுதிக்கோங்க. போன மாசம் தூறல்ல இவன் கேமராவ வெளிய எடுத்தான். பாறையில கொழுந்தனாரை ஏறி நிக்கச் சொன்னதும் இவன்தான். அவர் நிக்கறப்ப எடுத்தான். நான் பொய் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தம்பிக்காரரை விட்டுவிட்டார்கள். மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. கைக்குட்டையையும் சாவியையும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"அண்ணி, அண்ணனை எப்ப எடுக்கறாங்க?"

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நேத்தே முடிஞ்சிடுச்சுங்க," என்றாள் அவருடைய மனைவி. "ஒரு தடவை உங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுக் கூட்டிட்டுப் போறோம்னு போலீஸ்ல கேட்டாங்க. அக்காதான் வேண்டாம்னுட்டாங்க. கொன்னவன் மூஞ்சி அவர் மேல படக்கூடாதுன்னாங்க."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் அவர் காலடியில் குனியப் போனாள். எங்கள் கட்சிக்காரி நடுவில் புகுந்து தடுத்தாள்.

"தள்ளுங்க. எந்திரிங்க நீங்க, வீட்டுக்குப் போலாம். இவங்களோட நமக்கு இனி ஒரு பேச்சும் இல்ல."